எல்லா மாத்திரையும் தெரிந்த ஒரே ஆள்

மருந்தும் மருந்தும் உடம்புக்குள் மோதிக்கொள்வதை முதலில் உணர்பவர் நோயாளி. அவர் சொல்வதை எழுதி மேலே அனுப்புவதற்கு நம் நாட்டில் வழி இருக்கிறது. அந்த வழியில் நடப்பவர்கள்தான் குறைவு.

அறுபதைத் தாண்டியவர்கள் வாழும் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா கட்டாயம் இருக்கும். உள்ளே இருக்கும் சுகர் மாத்திரை ஒரு மருத்துவர் எழுதியது. பிரஷர் மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் கொடுத்தது. முட்டிவலிக்கு எலும்பு டாக்டர் கொடுத்த அட்டையில் இன்னும் ஆறு மீதம். பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதைக் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் பாதி போய்விட்டது. டப்பாவில் இடம் பெறாமல் சமையலறை அலமாரியில் சிறுகுறிஞ்சான் பொடியோ, தெரிந்தவர் சொன்ன கஷாயச் சூரணமோ தனியாக இருக்கும்.

இதில் ஒவ்வொன்றையும் கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது தெரியும். மற்றவர் கொடுத்தது பெரும்பாலும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அறிந்தவர், அவற்றை விழுங்குகிறவர் ஒருவர்தான். ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து சேர்ந்து உடம்புக்குள் கலகம் செய்தால் அதன் முதல் சாட்சியும் அவரே. அவர் வாயைத் திறந்து சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்?

"டாக்டர், அந்தப் புது மாத்திரை போட்டதுலேருந்து கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"வெயில் அதிகம்மா. தண்ணி நிறைய குடிங்க."

வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதில் ஒரு கேள்வியாக இருந்திருக்க வேண்டும்: வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?

ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த கடிதம்

நோயாளி வீட்டின் சொல்லைக் கேட்டதால் மருத்துவ உலகம் என்ன பெற்றது என்பதற்கு 1963-இல் இங்கிலாந்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். லண்டனின் மாட்ஸ்லி மனநல மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் பாரி பிளாக்வெல். மனச்சோர்வுக்காக 'டிரானில்சைப்ரோமின்' என்ற மாத்திரையைச் சாப்பிடும் சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வருவதையும் ரத்த அழுத்தம் எகிறுவதையும் பற்றி அவர் 'லான்செட்' இதழில் எழுதினார். அதைப் படித்துவிட்டு நாட்டிங்ஹாமிலிருந்து ரோ என்ற மருந்தாளுநர் ஒரு கடிதம் போட்டார். என் மனைவிக்கும் அதே மாத்திரைதான். சீஸ் சாப்பிட்டால் அந்தத் தலைவலி வருகிறது. வெண்ணெய்க்கும் பாலுக்கும் வருவதில்லை. சீஸில் உள்ள ஏதாவது ஒன்று இந்த மருந்தோடு சேர்ந்து இதைச் செய்யுமா என்பது அவர் கேள்வி.

சீஸால் உயிருக்கு ஆபத்தா என்று முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, அதே மருந்தில் இருந்த நோயாளிகள் சீஸ் சாப்பிட்ட சில மணி நேரத்தில் துடிப்பதை பிளாக்வெல் பார்த்தார். விளக்கம் பின்னால் கிடைத்தது. பால் புளித்து நாள்பட சீஸாகப் பதமாகும்போது அதில் 'டைரமின்' என்ற பொருள் சேர்கிறது. நம் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. உடைபடாத டைரமின் ரத்தத்தில் ஏறி, அழுத்தத்தை மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குக் கொண்டுபோகும். உயிரிழப்புகளும் நடந்திருந்தன. வெண்ணெயில் வராததற்கும் பாலில் வராததற்கும் காரணம் அதே விளக்கத்துக்குள் இருந்தது.

அந்தக் கடிதத்தை மறுபடி பாருங்கள். எந்த மருந்து, எதைச் சாப்பிட்டால் வருகிறது, எதைச் சாப்பிட்டால் வரவில்லை என்று ஓர் ஆராய்ச்சிக்குத் தேவையான மூன்றும் அதில் இருந்தன. ஆய்வகம் இல்லாமல், உடம்பில் நடப்பதைக் கவனித்த ஒரு வீடு அதைச் செய்தது.

ஒரே பந்தி, இரண்டு விருந்தாளிகள்

நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பகுதியை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அங்கே அந்த வேலைக்கென்று நொதிக் குடும்பங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்றுக்கு 'சிஒய்பி3ஏ4' என்று பெயர். இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் கணிசமானவை அதன் வழியாகத்தான் போக வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி போல நினைத்துக்கொள்ளலாம். முதல் மருந்து வந்து இலைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை என்றால், இரண்டாவது மருந்து வெளியே, அதாவது ரத்தத்தில், காத்துக் கிடக்கும். நேரம் ஆக ஆகக் கூட்டம் பெருகும். நீங்கள் சாப்பிட்டது ஒரு மாத்திரைதான்; உடம்புக்குள் இருப்பது மூன்று மாத்திரை அளவு. சில மருந்துகள் நேர்மாறு: கூடுதல் பந்தி போட்டுவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அப்படிப்பட்டது. அது வந்தால் மற்ற மருந்துகள் வேலை செய்வதற்குள்ளேயே வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரையும் அந்தக் கணக்கில் வரும்.

மூன்றாவது வகை மோதலில் நொதிக்கு வேலையில்லை. இரண்டு மருந்துகள் ஒரே உறுப்பை ஒரே பக்கம் இழுக்கும். நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடியது சிறுநீரகத்தின் மேல் விழும் மூன்று அடி. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரை ஒன்று, சிறுநீர் பெருக்கி ஒன்று, அதற்கு மேல் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை. தனித்தனியே மூன்றும் நல்ல மருந்துகள். சேர்ந்தால், முக்கியமாக முதல் ஒரு மாதத்தில், சிறுநீரகம் திடீரென்று சுணங்கலாம். இதில் ஒரு வேதனை உண்டு. சிறுநீர் பெருக்கி சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. பிரஷர் மாத்திரையின் பிராண்டு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'ஹெச்' என்ற ஓர் எழுத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது. கடைக்காரரிடம் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குபவர் மூன்றாவது அடியைத் தானே வாங்கிக்கொள்கிறார்.

ஒரே மாத்திரையில் பல மருந்துகளைச் சேர்க்கும் இந்தக் கலப்பு வழக்கம் நம் நாட்டில் எல்லை மீறியே போயிருக்கிறது. 2016 மார்ச்சில் 344 கலப்பு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. வழக்குகளுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328-க்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்ட்டில் மேலும் 156. சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று வெவ்வேறு பெயரில் வாங்கி, இரண்டிலும் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்!

மயங்கி விழுந்த பெண்ணும் உங்கள் அலெக்ராவும்

தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று 1985-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி உலகமெங்கும் விற்றது டெர்ஃபினாடின். 1990-இல் 39 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. இரண்டு நாளாகத் தலை கிறுகிறுத்து மயங்கி மயங்கி விழுகிறார் என்று மருத்துவமனைக்கு வந்தவர் அவர். இதயத் துடிப்பின் தாளம் ஆபத்தாகக் குலைந்திருந்தது. அலர்ஜிக்கு டெர்ஃபினாடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இடையில் பூஞ்சைத் தொற்றுக்குக் கெட்டோகொனசோல் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டிருந்தார். கெட்டோகொனசோல் அந்த சிஒய்பி3ஏ4 நொதியை அடைத்தது. உடைபடாத டெர்ஃபினாடின் இதயத்தைப் பிடித்தது.

அந்த ஒரு பெண் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கடைசிவரை விசாரித்து எழுதியதால் கதவு திறந்தது. எச்சரிக்கைகள் வந்தன, ஆராய்ச்சிகள் நடந்தன, 1997-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தை விலக்க முன்மொழிந்தது, அடுத்த ஆண்டு அது சந்தையை விட்டுப் போனது. டெர்ஃபினாடின் கல்லீரலில் உடைந்தபின் கிடைக்கும் பொருள் அதே பலனைத் தந்தது, இதயத்தைத் தொடவில்லை. அதையே தனி மருந்தாக்கினார்கள். ஃபெக்சோஃபினாடின் என்று பெயர். நம் மெடிக்கல் ஷாப்பில் அலெக்ரா என்று கேட்டு வாங்குகிறோமே, அது.

ஆனால் செய்தி எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை. நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் எரித்ரோமைசின் போன்றவற்றோடு சேர்ந்து அதே இதயக் கோளாறைச் செய்தது. அமெரிக்காவில் 2000-இல் பொது விற்பனை நின்றது. இந்தியாவில் தடை வந்தது 2011-இல். இடைப்பட்ட பத்தாண்டுக்கு மேல் இங்கே யார் யார் மயங்கினார்கள் என்று யார் எழுதிவைத்தார்கள்?

நம் பேச்சில் வரும் அறிகுறிகள்

"முன்னெல்லாம் சுகர் இறங்குனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடனே ஒரு வாய் சர்க்கரை போட்டுக்குவேன். இப்பல்லாம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, திடீர்னு மயக்கம்தான் வருது." இப்படி ஒருவர் சொன்னால் அது முதுமைப் புலம்பல் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ புதிதாக புரோப்ரனலால் தொடங்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அந்த மாத்திரை, சர்க்கரை தாழும்போது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணியான படபடப்பை அமுக்கிவிடும். வியர்ப்பு மட்டும் மிஞ்சும். புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த நோயாளி சொன்னதில் முன்பு எப்படி, இப்போது எப்படி என்ற ஒப்பீடே இருக்கிறது.

சுகர் மாத்திரை கிளைமிபிரைடு சாப்பிடுகிறவருக்குத் தோல் தொற்றுக்காக ஃபுளுகோனசோல் கொடுத்தால், கிளைமிபிரைடை உடைக்கும் நொதி அடைபட்டு, அதே அளவு மாத்திரையில் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போகலாம். வீட்டில் "காலையிலேருந்து உளறுறாரு" என்பார்கள். சிறுகுறிஞ்சானோ பாகற்காய்ச் சாறோ கூடச் சேர்ந்தால் அதே திசையில் இன்னும் ஒரு தள்ளு. இயற்கையானது என்பதால் அதை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் நம் ஊரில் நிறைய. உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க 'அசிட்ரோம்' போன்ற மாத்திரை வேண்டும். அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டி உறையும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோட்டில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து வாழ்கிறார்கள். இவருக்கு ஒருநாள் பல்வலி. மெட்ரோனிடசோலும் டைக்ளோஃபினாக்கும் வாங்கிப் போடுகிறார். முதலாவது அசிட்ரோமை உடையவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது வயிற்றின் உட்சுவரை அரிக்கிறது. நாலைந்து நாளில் "பல்லு தேய்க்கும்போது ரத்தம் நிக்கவே மாட்டேங்குது", "மலம் தார் மாதிரி கறுப்பா போகுது" என்கிறார். இந்த இரண்டு வாக்கியமும் காதில் விழுந்த நொடியில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

எல்லா மோதலையும் புத்தகம் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் வலிப்பும் காசநோயும் சேர்ந்து வந்தவர். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறார். காசநோய் மருந்துத் தொகுப்பில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் இருக்கின்றன. ஐசோனியசிட் ஃபெனிடாயினைத் தேங்க வைக்கும்; ரிஃபாம்பிசின் அதை விரட்டும். யார் ஜெயிப்பார்கள்? ஐசோனியசிடை உடம்பு எவ்வளவு மெதுவாக உடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது; அந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்த வேகம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தது. நம் மக்களில் பாதிக்கு மேல் மெதுவாக உடைப்பவர்களே. அப்படிப்பட்டவருக்கு மருந்து தேங்கி "நடந்தா தள்ளாடுது, எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று ஆகலாம். குடித்திருக்கிறான் என்று ஊர் சொல்லும். வேகமாக உடைப்பவருக்கோ, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். சீட்டு எழுதும் நாளில் இவர் எந்தப் பக்கம் போவார் என்று மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. அந்த மனிதர் வந்து சொல்வதுதான் முதல் பரிசோதனை முடிவு.

மறைத்த இடத்தில்

நோயாளியே சாட்சி என்றேன். அவருக்குத் தான் சாப்பிடுவது இன்னதென்று தெரிந்திருந்தால்தான் சாட்சி. 1993 செப்டம்பரில் ஜப்பானில் அக்கி நோய்க்கு சொரிவுடின் என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. சில வாரங்களிலேயே 15 பேர் இறந்தார்கள். ஃபுளோரோயூராசில் வகைப் புற்றுநோய் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். குடலில் உள்ள கிருமிகள் சொரிவுடினை உடைக்கும்போது கிடைக்கும் பொருள், புற்றுநோய் மருந்தை வெளியேற்றும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிட்டது. மருந்து தேங்கி, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியே நின்றது. விற்பனைக்கு முந்தைய சோதனையிலேயே இந்த ஜோடியால் மரணங்கள் நிகழ்ந்திருந்தன. எச்சரிக்கையும் மருந்தோடு வந்த குறிப்பில் இருந்தது. ஆனால் அன்றைய ஜப்பானில் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பதே வழக்கம். அக்கிக்கு வேறொரு மருத்துவரிடம் போனவர், "நான் புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறேன்" என்று எப்படிச் சொல்லியிருப்பார்?

நம் வீடுகளில் இன்றும் இது நடக்கிறது. "அப்பாகிட்ட கட்டின்னு சொல்லியிருக்கோம் டாக்டர், வேற எதுவும் சொல்லிடாதீங்க" என்று அறைக்கு வெளியே நின்று மகன் கெஞ்சுகிறார். பாசத்தில் செய்வது, அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அப்பா நாளைக்குத் தனியாக மெடிக்கல் ஷாப்பில் நின்று காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கும்போது, அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

கூச்சமும் இதே வேலையைச் செய்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு, ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் சில்டனாஃபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்கும்போது, பக்கத்தில் மருமகன் நிற்கிறார் என்று ஒருவர் பேசாமல் இருந்துவிடுகிறார். காசநோய் மையத்தில் பெயர் பதிவு செய்யும் பெண், தான் மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லத் தயங்குகிறார். எதிர்பாராத கர்ப்பம் வந்தபின்தான் இரண்டையும் யாரோ சேர்த்துப் பார்க்கிறார்கள். கேட்கிறவர்கள் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். இதற்குத் திரைச்சீலை போதும், கட்டடம் வேண்டாம்.

எழுதினால் எங்கே போகிறது?

தாலிடோமைடு மாத்திரையால் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்ததை உலகம் 1961-இல் அறிந்த பிறகுதான், மருந்தின் தீங்கைச் சொல்வதற்கென்று முறையான ஏற்பாடுகள் வந்தன. பிரிட்டன் 1964-இல் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 1968-இல் சர்வதேசத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தகவல் களஞ்சியம் இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் இந்த அட்டைகளைப் பெரும்பாலும் மருத்துவத் துறையினரே நிரப்பினார்கள். நெதர்லாந்து 2003-இல் நோயாளிகளுக்கும் கதவைத் திறந்தது. பிரிட்டன் 2005-இல் சோதித்துப் பார்த்து, 2008-இல் முழுமையாக அனுமதித்தது.

இந்தியாவில் இப்போதைய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் வந்தது. அதன் தேசிய மையம் 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம். மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் இருக்கின்றன; பெரும்பாலும் மருந்தியல் துறையில் ஒரு மேசை. 2014-இல் பொதுமக்களே நிரப்பும் படிவம் வந்தது, தமிழிலும் இருக்கிறது. நீங்கள் எழுதியது கண்காணிப்பு மையத்திலிருந்து காசியாபாத்துக்கும், அங்கிருந்து உப்சாலாவுக்கும் போகும். ஒரே ஜோடி மருந்துக்கு ஒரே வகைப் புகார் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும்போது அதை ஆராய்வார்கள். பலன் இல்லாமல் இல்லை. மாதவிடாய் வலிக்குப் பரவலாக வாங்கும் மெஃபனமிக் அமிலம் உடம்பெங்கும் தடிப்போடு கூடிய கடுமையான ஒவ்வாமையைத் தரலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் வந்த எச்சரிக்கை, இந்தத் திட்டத்துக்கு வந்த தகவல்களிலிருந்து பிறந்ததுதான்.

ஆனாலும் பெரும்பகுதி வந்து சேர்வதில்லை. 12 நாடுகளின் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அதன்படி, நடக்கும் பாதகங்களில் 94 சதவீத அளவுக்குப் பதிவே ஆவதில்லை. மருந்தின் பாதகங்கள் எத்தகையவை என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனையில் சேர்ந்த 18,820 பேரைப் பரிசோதித்ததில் 6.5 சதவீதம் பேர் வந்ததே மருந்தின் பாதகத்தால். அதில் ஆறில் ஒரு பங்கு மருந்தோடு மருந்து மோதியது. முன்னணியில் இருந்தவை ஆஸ்பிரின், சிறுநீர் பெருக்கி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலி மாத்திரைகள். நம் அலமாரிகளில் இருக்கும் அதே சாதாரண மருந்துகள்.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. மாத்திரைக்குப் பின் வந்ததெல்லாம் மாத்திரையால் வந்தது ஆகிவிடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்து 2020-இல் முடிவு வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. உபத்திரவத்தில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. வலி பொய்யில்லை, காரணம் வேறு. ஆகவே நோயாளி சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பதிவு முறை கேட்பது சந்தேகத்தை மட்டும்தான். நிரூபிப்பது படித்தவர்கள் வேலை. நாட்டிங்ஹாம் கடிதமும் ஒரு கேள்வியாகத்தான் வந்தது.

எனக்கு இதில் பெரும் குறையாகப் படுவது வேறொன்று. ஆங்கில மருந்தின் பாதகங்களைப் பதியும் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி மருந்துகளுக்கு ஆயுஷ் அமைச்சகம் தனியாக ஒரு கண்காணிப்புத் திட்டம் நடத்துகிறது. சித்தாவுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் பங்கெடுக்கிறது. அமைச்சகம் இரண்டு, படிவம் இரண்டு. சாப்பிடுகிற வயிறு ஒன்று. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் சூரணமும் ஒரே காலையில் இறங்கும் நம் ஊரில், இரண்டுக்கும் நடுவில் நடக்கும் மோதலை எந்தப் படிவத்தில் எழுதுவது? இரு திட்டங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும். அலோபதி மருத்துவரிடம் நாட்டு மருந்தைச் சொன்னால் திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் ஏராளம். திட்டுகிறவர்கள், தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தகவலைத் தாங்களே துரத்துகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் மற்ற மாநிலங்களுக்கு அவ்வளவு எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்கள் அதே தெருக்காரர்கள். "வாம்மா, உள்ள வந்து உக்காரு" என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். பல மருத்துவர்கள் எழுதிய மாத்திரைகள் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்க்க வாய்ப்புள்ள ஒரே சுகாதாரப் பணியாளர் அவர்தான். "வேற என்னென்ன சாப்பிடுறீங்க பாட்டி? புதுசா எதையாவது ஆரம்பிச்சதுக்கப்புறம் உடம்பு வித்தியாசமா இருக்கா?" என்று அவர் கேட்டு, பதிலைப் பாட்டியின் வார்த்தையிலேயே எழுதி, பக்கத்து மருத்துவக் கல்லூரியின் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் போதும். அதற்குத் தேவை கொஞ்சம் பயிற்சியும் அந்தக் கூடுதல் வேலைக்குரிய ஊதியமும். மருந்துக் கடைகளுக்கும் கடமை உண்டு. மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015-இன் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகளே சொல்கின்றன. கடையில் நிற்கும் கூட்டத்தில் அது நடப்பதில்லை.

அதுவரை நீங்களே செய்யலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் படிவம் கேளுங்கள். யாருக்கு நேர்ந்தது, என்ன நேர்ந்தது, எந்த மருந்தின் மேல் சந்தேகம், சொல்கிறவர் யார் என்ற நான்கும் கட்டாயம். பாதிக்கப்பட்டவரின் அடையாளம் ரகசியமாக இருக்கும். இது யார் மீதும் வழக்கில்லை. அத்தோடு, ஒவ்வொரு மாத்திரையையும் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், உபத்திரவம் எந்தத் தேதியில் வந்தது, மருத்துவர் நிறுத்தச் சொன்னபின் குறைந்ததா என்பதையும் சொல்லுங்கள். அட்டையில் பெயர் உள்ள பகுதியைக் கடைசிவரை கத்தரிக்காமல் வைத்திருங்கள். அசிட்ரோம், வலிப்பு, இதய மாத்திரைகளைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முதலில் எழுதித் தந்தவரிடம் போங்கள். பட்டியலில் கஷாயத்தையும், சத்து மாத்திரையையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அந்த ஒரே ஒரு வலி மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.